கரையோரச் சிறகுகள் – 9: ஓதம் ஏறும் நேரம்

கொல்கத்தாவுக்குத் துறைமுகம் உண்டு, கடற்கரை கிடையாது. அலையைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே 130 கிலோமீட்டர் போக வேண்டும். குளிர்காலம் வந்துவிட்டால் அந்த ஊர்ப் பறவை ஆர்வலர்கள் சனி, ஞாயிறில் கிளம்புவது அந்தப் பக்கம்தான்: பக்காலி, ஃபிரேசர்கஞ்ச், ஹென்றி தீவு. சியால்தாவில் ரயிலேறி நாம்கானாவில் இறங்கினால் மிச்ச தூரத்துக்கு பஸ் இருக்கிறது. வழியில் ஹாத்தானியா-தோவானியா ஆறு. ஒரு காலத்தில் படகுக்காகக் காத்துக் கிடப்பார்கள். 2019-இல் பாலம் வந்துவிட்டது.

கோடியக்கரையில் பறவை பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கரை முதலில் ஏமாற்றமாக இருக்கும். நம் பக்கம் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஹூக்ளி ஆற்றின் முகத்துவாரத்திலோ பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நான்கைந்து மீட்டர்கூட ஏறி இறங்கும். வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. அதன் கோடியில், கானல் நெளிகிற இடத்தில், ஆயிரக்கணக்கில் புள்ளிகள். அவை உப்புக்கொத்தியா, உள்ளானா, மூக்கனா? ஸ்கோப் வைத்திருந்தாலும் தெரியாது.

கொல்கத்தா நண்பர்கள் அப்போது மெனக்கெடுவதே இல்லை, டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் ரயில் அட்டவணையையே பார்க்கிறார்கள். ஓதம் உச்சிக்கு வருவது மதியம் என்றால், விடியலில் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓட அவசியமில்லை. தண்ணீர் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், வெயில் முதுகில் விழும்படி மணலில் உட்கார்ந்துவிட வேண்டும். சேறு சுருங்கச் சுருங்க, மேய இடமில்லாமல் பறவைகள் தாமாகவே கரையை நோக்கி நகர்ந்து வரும். நாம் எழுந்து நடந்தால் போச்சு, கூட்டம் மொத்தமும் பறந்துவிடும். அதைவிட, ஓதம் இறங்கும்வரை ஓய்வெடுக்க வேண்டிய பறவைகளுக்கு அது வீண் அலைச்சல். நல்ல படம் கிடைக்கும் என்று கேமராவோடு முன்னேறுகிறவர்களை இவர்கள் அதட்டியே உட்கார வைக்கிறார்கள். அதட்ட வேண்டியதுதான்.

இப்படிக் காத்திருந்தவர்கள் கண்ணில்தான் 2018-இல் ஃபிரேசர்கஞ்சில் கரண்டிமூக்கு உள்ளான் பட்டது. சிட்டுக்குருவி அளவு, முப்பது கிராம் எடை. அலகின் நுனி கரண்டிபோல் அகன்றிருக்கும். ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியிலுள்ள சுகோத்காவில் முட்டையிட்டு, எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. உலகம் முழுவதும் சேர்த்தே ஆயிரத்துக்கும் குறைவு. கோடியக்கரையில் 1980-களில் இதைப் பார்த்த பதிவுகள் உண்டு.

வங்கத்துக்கு இந்த வாய்ப்பு அமைந்ததற்குக் காரணம் அதன் இருப்பிடம். மத்திய ஆசிய வலசைப் பாதையும் கிழக்காசிய-ஆஸ்திரேலிய வலசைப் பாதையும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடம் இது. நம் கரைக்கு அபூர்வமாக வரும் 'கிரேட் நாட்' இங்கே ஓரளவு தைரியமாக எதிர்பார்க்கக்கூடிய பறவை. அதன் கதியும் நன்றாக இல்லை. தென்கொரியாவின் சேமங்கும் பகுதியில் 33 கிலோமீட்டர் கடல் சுவர் 2006-இல் மூடப்பட்டதும், வலசை வழியில் அது இளைப்பாறி இரை தேடிய சேற்று நிலம் போனது. அங்கே போன சேறு இங்கே எண்ணிக்கையில் தெரிகிறது.

கொல்கத்தாவுக்கும் கரைப்பறவைகளுக்கும் உள்ள உறவு பழையது, கொஞ்சம் ரத்தக்கறை படிந்ததும்கூட. 1841-இல் ஆசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகப் பொறுப்பாளராக வந்த எட்வர்ட் பிளைத், கறிக்காகச் சந்தைக்கு வரும் பறவைகளைப் புரட்டிப் பார்க்கும் வழக்கமுள்ளவர். 'ஏசியன் டோவிச்சர்' என்ற நீள அலகுப் பறவைக்கு 1848-இல் அவர் அறிவியல் பெயர் சூட்டியது கொல்கத்தாவில் கிடைத்ததை வைத்துத்தான். இன்று அதே பறவைக்காக இந்த நண்பர்கள் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சேறு பறவைகளுக்கு மட்டும் சொந்தமில்லை. இடுப்பளவு நீரில் நீல வலை இழுத்து இறால் குஞ்சு பிடிக்கும் பெண்கள், மீன் காயப்போடுகிறவர்கள், சிவப்பு நண்டைத் துரத்தும் சுற்றுலாக் குழந்தைகள் எல்லாரும் அங்கேதான். எந்தத் திட்டில் பறவைகள் ஒதுங்கும் என்பதைப் பெரும்பாலும் அந்த மீனவர்களிடம் கேட்டுத்தான் நண்பர்கள் தெரிந்துகொள்கிறார்கள். ஹென்றி தீவின் அலையாத்தி ஓரத்தில் பழுப்புச் சிறகு மீன்கொத்தி உட்காரும் கிளையைக் காட்டித் தந்தவரும் அங்குள்ள மீன்பண்ணைத் தொழிலாளி ஒருவர்தான். அந்த மீன்கொத்தியைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)