சிப்பே சொல்லட்டும் தன் குணத்தை

திருப்பூர் காதர்பேட்டையில் எந்த பனியன் கடைக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு வைஃபை ரவுட்டர், கூரையோரம் ஒரு கேமரா இருக்கும். இவற்றில் பலவும் லினக்ஸில் ஓடுபவை. அந்த லினக்ஸ் பெரும்பாலும் எட்டுக் கால் கொண்ட ஒரு நார் ஃபிளாஷ் சிப்பில் குடியிருக்கிறது.

கரண்ட் போனாலும் ஃபிளாஷில் எழுதியது அழியாது. ஆனால் எழுதியதன் மேல் திருத்தி எழுத முடியாது. 4 அல்லது 64 கிலோபைட் பகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அழிக்க எந்தக் கட்டளை, முகவரிக்கு 3 பைட்டா 4 பைட்டா என்பதெல்லாம் சிப்புக்குச் சிப்பு மாறும். இதையெல்லாம் அறிந்து வைத்திருப்பது லினக்ஸின் மையமான கர்னலில் உள்ள டிரைவர்.

வெகுகாலம் இந்த வேலையைப் பார்த்தது எம்25பி80 என்ற டிரைவர். சிப்பின் குணமும் அதற்குத் தெரியும், கம்பி வழியே தரவை அனுப்பவும் தெரியும். சிப்போடு பேசும் வன்பொருளான கட்டுப்படுத்தியில் புதுவகை வந்தபோதுதான் சிக்கல்: அதற்கு டிரைவர் எழுதுபவர் சிப் பட்டியலையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், பவர் டேபிள் ஓரிடம் என்று ஜாப் ஒர்க்கில் பிரித்துக் கொடுக்கும் திருப்பூர்க்காரருக்கு இதன் தீர்வை விளக்க வேண்டியதில்லை. 2014-ல் சிப் அறிவு தனி அடுக்கானது. 2018-ல் போரிஸ் பிரெசியோன் கொண்டுவந்த எஸ்பிஐ-மெம் அமைப்பில், எதிரே இருப்பது எந்தச் சிப் என்று கட்டுப்படுத்தி டிரைவருக்குத் தெரியவே வேண்டாம். கொடுத்த கட்டளையை அனுப்பினால் போதும். எம்25பி80-ஐ அந்தச் சிப் அடுக்கோடு இணைக்க அவர் தொடங்கிய வேலையை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பொறியாளர் விக்னேஷ் ராகவேந்திரா தொடர்ந்து முடிக்க, 2019-ல் எம்25பி80 தனி டிரைவராக இல்லாமல் போனது.

பட்டியல் மட்டும் மிஞ்சியது. சந்தைக்குப் புதுச் சிப் வரும்போதெல்லாம் அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சிப் தன் விவரத்தைத் தன்னுள்ளேயே அட்டவணையாக வைத்திருக்கலாம் என்று ஜெடெக் அமைப்பு 2011-லேயே தரம் வகுத்திருந்தது. 2022-ல் மைக்கேல் வால்லே சேர்த்த பொது டிரைவர் அந்த அட்டவணையைப் படித்தே வேலையைத் தொடங்குகிறது. பட்டியலில் பெயர் தேவையில்லை.

ஆனால் சிப் சொல்வதை அப்படியே நம்பிவிடவும் முடியாது. மேக்ரோனிக்ஸ் நிறுவனம் எம்எக்ஸ்25எல்25635 சிப்பின் 'ஈ', 'எஃப்' என்ற இரு வகைகளுக்கும் ஒரே அடையாள எண்ணைக் கொடுத்துவிட்டது. 4 பைட் முகவரிக் கட்டளைகள் 'எஃப்'புக்குப் புரியும், 'ஈ'க்குப் புரியாது. அட்டவணையில் வேறொரு வாசிப்பு வசதியை 'எஃப்' மட்டும் குறிப்பிடுவதைக் கண்டு, அதை வைத்தே கர்னல் இரண்டையும் பிரித்தறிகிறது. எவ்வளவு சுருக்கினாலும் இத்தகைய ஒட்டுகளுக்கு இடம் விட்டுத்தான் ஆக வேண்டும்.

கடையில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் கேமராவுக்கு இந்தப் பொது டிரைவரால் உடனடிப் பலன் இல்லை. அதில் இருப்பது தயாரிப்பாளர் பதிந்து அனுப்பிய பழைய கர்னல். பழுதான சிப்பைக் கழற்றிவிட்டு வேறு கம்பெனி சிப்பைப் பற்றவைத்தால், அடையாளம் தெரியவில்லை என்று அது இன்றும் நின்றுவிடக்கூடும். பழுது பார்ப்பவர் அதே எண்ணுள்ள சிப்பைத்தான் தேட வேண்டும்.