உங்களுக்குத் தெரியுமா? திரையைப் பூட்டும் 'போலீஸ்'

ஆம்பூர் தோல் கம்பெனியில் ஷிப்பிங் பில் அடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரை முழுக்க அரசு முத்திரை: 'ஆபாசப் படம் பார்த்தீர்கள். கணினி முடக்கப்பட்டது. அபராதம் கட்டவும்.' கன்டெய்னர் கிளம்பும் நேரமென்றால் யாருக்கும் கை நடுங்கும். ஆனால் எந்தப் போலீசும் கணினித் திரையில் அபராதம் வசூலிப்பதில்லை.

2021 ஜூலையில், இப்படி 3,000 ரூபாய் கேட்டு மிரட்டிய வழக்கில் டெல்லி போலீசார் தேடி வந்து பிடித்த மூவரும் தமிழ்நாட்டில் இருந்தவர்கள். தொடர்பு கம்போடியா வரை நீண்டது. தொகையைக் கவனியுங்கள்: வெளியே சொல்ல வெட்கப்பட்டு, பேசாமல் கட்டிவிடக்கூடிய அளவு. சூட்சுமமே அதில்தான்.

பெரும்பாலும் இந்த மிரட்டல் திரை, பிரவுசரை முழுத்திரையாக்கிக் காட்டும் வெறும் வலைப்பக்கம். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எஸ்கேப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

கணினியை அணைத்துப் போட்ட பிறகும் அதே திரை வந்தால், அது உள்ளே இறங்கிவிட்ட நிரல். 2012-இல் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கலக்கிய 'ரெவெட்டன்' அந்த ரகம். சேஃப் மோடில் திறந்து ஆன்டிவைரஸ் ஓட்ட வேண்டும். கோப்புகளின் பெயர்களே மாறிப்போயிருந்தால் கதை வேறு: பூட்டப்பட்டது திரை மட்டுமல்ல, கோப்புகளும்தான். நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பணம் கட்டிவிட்டீர்களா? தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.