மனத்தின் நோய்க்கும் மருந்துண்டு

சென்ற ஆண்டு ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒரு நாள் மஃரிப் தொழுகையை முடித்துவிட்டு மதரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் தம் மகளை அழைத்து வந்தார். மகளின் மடியில் நான்கு மாதக் குழந்தை. கணவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். "ஹஜ்ரத், இவள் இரவெல்லாம் உறங்குவதில்லை. பிள்ளை அழுதாலும் எடுப்பதில்லை. தொழுகையையும் விட்டுவிட்டாள். கண்ணேறு பட்டிருக்குமோ என்று அஞ்சுகிறேன். ஓதி ஊதுங்கள்" என்றார் அந்தத் தாய்.

ஓதினேன். தண்ணீரும் ஓதிக் கொடுத்தேன். அடுத்த வாரமும் வந்தார்கள். அதற்கடுத்த வாரமும் வந்தார்கள். ஏழு வாரங்கள் இவ்வாறே கழிந்தன. இறைவசனத்தை ஓதுவதில் பரக்கத் இல்லையென்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால், "மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்று அந்த ஏழு வாரங்களில் ஒரு முறையேனும் நான் கேட்கவில்லை. அது என் தவறு. எட்டாம் வாரம், தாய் சற்று அப்பால் சென்றிருந்த வேளையில், "நான் இல்லாமல் போனால்தான் பிள்ளை நன்றாக வளரும் என்று தோன்றுகிறது, ஹஜ்ரத்" என்று அந்தச் சகோதரி தாழ்ந்த குரலில் கூறினார். என் நெஞ்சு திடுக்கிட்டது. அன்றிரவே அவரைத் தனியே விடாமல் உடனிருக்கும்படி குடும்பத்தாரிடம் சொல்லி, மறுநாள் காலையில் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பி வைத்தோம்.

பிள்ளைப் பேற்றுக்குப் பின் சில தாய்மார்களுக்கு வரும் மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் கூறினார். இரத்தப் பரிசோதனை செய்து மருந்து தந்தார். மருந்துடன் வாரந்தோறும் ஓர் உளவியலாளரிடம் பேசியாக வேண்டும் என்றார். கைக்குழந்தையுடன் இரண்டு பேருந்து மாறி வாரந்தோறும் செல்வது எங்ஙனம்? எனவே காணொலி வாயிலாகப் பேசும் பெண் உளவியலாளர் ஒருவரை அவரே பரிந்துரைத்தார்.

ஈமானின் குறைவா?

வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. "முகமறியாத ஒருத்தியிடம் வீட்டு விஷயத்தைச் சொல்வதா?" என்றார் மாமியார். "ஈமான் உள்ளவளுக்கு மனச்சோர்வு ஏன் வருகிறது?" என்றார் ஓர் உறவினர்.

மகன் யூசுபை இழந்த துயரத்தில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் ஒளியிழந்தனவே, அவர்களுக்கா ஈமான் குறைவு? அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துயர ஆண்டு என்றே வரலாறு குறிப்பிடுகிறது. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடக் கற்பித்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்களும் அவர்களே.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நலத்தையும் உள நலத்தையும் சேர்த்து 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலை எழுதினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் உடலிலிருந்து எழும் துயரம் வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார். கி.பி. 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப் பிரிவு இருந்தது.

இத்தகைய மரபுக்கு உரிய நாம் எங்கே வழி தவறினோம்? 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட இயலாமல் மடிந்தனர். அந்தச் சங்கிலி இரும்பாலானது மட்டுமன்று. அதில் நம் அறியாமையும் ஒரு கண்ணி.

முதல் நாள் கேள்வி

அந்தச் சகோதரியின் ஒப்புதலோடு, அடையாளம் மறைத்து, மேலே நடந்ததை எழுதுகிறேன்.

முதல் அமர்வில் உளவியலாளர் அவரிடம், "நான்கு வாரங்களில் உங்கள் நோய் சற்றுக் குறைந்தால், உங்கள் ஒரு நாள் எவ்விதம் மாறியிருக்கும்?" என்று கேட்டாராம். "மகிழ்ச்சியாக இருப்பேன்" என்றார் சகோதரி. "மகிழ்ச்சி கண்ணுக்குத் தெரியாதே! பிறர் பார்த்தால் தெரியக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார் அவர். நெடுநேரம் யோசித்து மூன்று சொன்னார்: பஜ்ருக்கு எழுவது, பிள்ளையைத் தம் கையால் குளிப்பாட்டுவது, கணவரிடம் அழாமல் பத்து நிமிடம் பேசுவது.

அந்த மூன்றும் இலக்குகளாயின. ஆனால் மூன்றையும் ஒரே நாளில் தொடங்கவில்லை. முதல் வாரம், விடிந்ததும் முற்றத்தில் பத்து நிமிடம் வெளிச்சத்தில் அமர்வது மட்டுமே. இரண்டாம் வாரம், இஷாவுக்குப் பின் செல்பேசியை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு, குறித்த நேரத்தில் படுப்பது. இரவில் பிள்ளை அழுதால் முதல் முறை பாட்டி எடுப்பார் என்று குடும்பத்தினரே ஏற்பாடு செய்தனர். மூன்றாம் வாரம் பிள்ளையின் கால்களை மட்டும் கழுவுவது. சிறிதாயினும் விடாது செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்பதை மதரஸாவில் எத்தனை முறை பாடம் நடத்தியிருக்கிறேன்! அதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஒரு சிறு நோட்டில் அன்றாடம் செய்ததையும், அப்போதைய மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் எழுதினார். "நான் கெட்ட தாய்" என்ற எண்ணம் வரும்போதெல்லாம் அதையும் எழுதி, அதற்கு ஆதரவான சான்று ஒரு புறமும் எதிரான சான்று மறுபுறமும் குறித்தார். காஜியின் முன் வழக்கு நடப்பது போல! பல நாட்கள் அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை.

சறுக்கல்

ஐந்தாம் வாரம் கணவரின் விடுமுறை தள்ளிப்போனது. மூன்று நாட்கள் படுக்கையை விட்டு எழவில்லை, நோட்டும் எழுதவில்லை. வெட்கப்பட்டு அந்த வார அமர்வையே தவிர்க்க எண்ணினார். உளவியலாளரோ கடிந்துகொள்ளவில்லை. இலக்கைப் பாதியாகக் குறைத்தார். ஆறாம் அமர்வில் கணவரையும் வளைகுடாவிலிருந்தே காணொலியில் சேர்த்துக்கொண்டார். "நீ சும்மா இருக்கிறாய் என்றல்லவா நினைத்தேன்" என்று அவர் கண்கலங்கினாராம். ஊர்களையும் கடல்களையும் கடந்து குடும்பங்கள் பிரிந்து வாழும் நம் சமுதாயத்துக்கு இந்த வசதி ஒரு நிஃமத் அல்லவா?

கவனிக்க வேண்டியவை

முகநூலில் அறிவுரை கூறுவோர் எல்லாரும் உளவியலாளர் அல்லர். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. மருந்து எழுதித் தருவது மனநல மருத்துவரின் பணி, உளவியலாளரின் பணியன்று. மருந்தை நாமாக நிறுத்தவும் கூடாது.

சொல்வது அமானத். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் நோயாளியின் இரகசியத்தைக் காக்கிறது. வீட்டாரும் அந்த ஒரு மணி நேரம் கதவருகே நின்று கேட்காதிருப்பது கடமை. பெண்கள் பெண் உளவியலாளரையே கேட்டுப் பெறலாம்.

எல்லா நிலைக்கும் காணொலி போதாது. தற்கொலை எண்ணம் வலுத்தாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ, உண்ணாமல் உறங்காமல் நாட்கள் கழிந்தாலோ நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இயங்குகிறது. கட்டணமில்லை, இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அந்தச் சகோதரி இன்னும் மருந்து எடுத்துக்கொள்கிறார். சில நாட்கள் கடினமாகவே விடிகின்றன. ஆனால் சென்ற மாதம் தாயோடு மதரஸாவுக்கு வந்தவர், பிள்ளையைத் தம் இடுப்பில் தாமே சுமந்து வந்தார். "இன்று பஜ்ரில் உங்களுக்கும் துஆச் செய்தேன், ஹஜ்ரத்" என்றார். ஓதி ஊத இன்றும் என்னிடம் வருகிறார்கள், ஓதுகிறேன். ஆனால் ஓதுவதற்கு முன், "மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்று கேட்கிறேன்.

நோயைத் தந்த ரப்பே அதற்கு நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான். அதைத் தேடிப் பெறும் தெளிவையும், துயருறுவோரைப் பழிக்காமல் அரவணைக்கும் உள்ளத்தையும் நம் அனைவருக்கும் அவன் வழங்குவானாக! ஆமீன்.