தட்டிப் பார்த்து வாங்குங்கள்!

பண்ருட்டிக் கடைத்தெருவில் பலாப்பழம் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?

யாரும் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குவதில்லை. விரலை மடக்கித் தட்டுவார்கள். காதைக் கிட்டே கொண்டு போவார்கள். காய் என்றால் கெட்டியாக ஒலிக்கும். பழுத்தது என்றால் "தொப், தொப்" என்று மந்தமாக ஒலிக்கும். "இது வேண்டாம், அதை எடு" என்பார்கள்.

ஒரு பழத்துக்கு இவ்வளவு சோதனை!

வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கும்போது மட்டும் அந்தக் காது எங்கே போகிறதோ, தெரியவில்லை. அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்த எண்ணைப் பார்க்கிறோம். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம்!

"வார்த்தைதான் இல்லை!"

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீடு பண்ருட்டியில். கணவர் தினமும் பஸ் ஏறி நெய்வேலிக்கு வேலைக்குப் போகிறார். 1956-ல் அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியதிலிருந்து இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். மனைவி முந்திரிப் பயறு உடைக்கப் போகிறார். தீபாவளிப் போனசில் 12 ஆயிரம் ரூபாயைத் தனியே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

எதற்கு?

வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். பழைய பாட்டு என்றால் அவருக்கு உயிர். ஆனால் டெலிவிஷனில் பாட்டு வந்தால், "என்ன பாடறான்? ஒண்ணும் புரியலையே!" என்கிறார்.

"சத்தத்தைக் கூட்டட்டுமா அத்தை?" என்று மருமகள் கேட்கிறார்.

"சத்தம் இருக்கும்மா. வார்த்தைதான் இல்லை!"

பாட்டி சொன்னது பெரிய உண்மை. இந்தக் காலத்து டெலிவிஷன் பலகைபோல் மெலிந்துவிட்டது. அதனுள் இருக்கும் ஸ்பீக்கரும் மெலிந்துவிட்டது. பல பெட்டிகளில் அது கீழ்ப்பக்கமாகவோ பின்பக்கமாகவோ பார்த்திருக்கிறது. சுவரில் மோதித் திரும்பி வரும் ஒலியைத்தான் நாம் கேட்கிறோம். வயதானவர்களுக்கோ கீச்சொலிகள்தாம் முதலில் மங்கும். "ச", "த" போன்ற எழுத்துகளின் கூர்மை அந்த ஒலிகளில்தான் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் குழப்பமும் சேர்ந்து கூடும். அவ்வளவுதான்!

(காது மிகவும் மந்தமாகிவிட்டால் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஸ்பீக்கர் அதற்கு மருந்தல்ல.)

சினிமாக் கொட்டகையில் பிறந்த யோசனை

ஸ்பீக்கர் ஏன் இரண்டு? ஒன்று போதாதா?

இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் என்று ஓர் என்ஜினீயர் இருந்தார். 1931-ல், பின்னாளில் தம் மனைவியான பெண்ணோடு சினிமாவுக்குப் போனார். பேசும் படம் வந்த புதிது. திரையில் நடிகர் ஒரு கோடியில் நிற்கிறார். குரலோ வேறொரு இடத்திலிருந்து வருகிறது. "குரலும் ஆளோடு நடக்கும்படி செய்ய எனக்கு வழி தெரியும்" என்ற பொருளில் அவரிடம் சொன்னாராம். அந்த ஆண்டு டிசம்பரிலேயே காப்புரிமைக்கு மனுப் போட்டுவிட்டார். அதுதான் ஸ்டீரியோ!

நமக்கு இரண்டு காது. ஆகவே இரண்டு பெட்டி. இரண்டும் சரியாக அமைந்தால் பாடகர் இரண்டுக்கும் நடுவே, வெற்றிடத்தில் நின்று பாடுவதுபோல் இருக்கும். பிளம்லைன் தம் கண்டுபிடிப்பு உலகெங்கும் பரவியதைக் காணவில்லை. 1942-ல் ராடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து இறந்தார். அப்போது வயது 38.

பெட்டி சிறுத்த கதை வேறு. ஒரு காலத்தில் கனத்த ஒலி வேண்டும் என்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் என்பவர் பெட்டியைக் காற்றுப் புகாதபடி மூடினார். உள்ளே அடைபட்ட காற்றையே சுருள்வில்போல் வேலை வாங்கினார். 1954-ல் வெளிவந்த அந்தப் பெட்டி புத்தக அலமாரியில் அடங்கியது. இன்றைக்குக் கடையில் "புக்‌ஷெல்ப் ஸ்பீக்கர்" என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்களே, அதற்கு மூதாதை இதுதான்.

பாடும் மரம், பாடாத பெட்டி

இப்போது பண்ருட்டிக்குத் திரும்புவோம். இந்த ஊரின் புகழ் பழத்தோடு நிற்கவில்லை. பலா மரத்துக்கும் பெரிய மதிப்பு உண்டு. தஞ்சாவூர் வீணை செய்கிறவர்கள் பண்ருட்டிப் பலாவைத் தேடி வாங்குகிறார்கள். மிருதங்கத்துக்கும் பலாக் கட்டைதான். (2011 டிசம்பர் 30-ல் "தானே" புயல் கரையைக் கடந்தபோது பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அந்த நாளை இங்கே யாரும் மறக்கவில்லை.)

வீணையில் தந்தியை மீட்டினால் குடமும் சேர்ந்து அதிர்கிறது. மரம் பாடுகிறது! அதுதான் வீணைக்கு அழகு.

"அப்படியானால் பலாப் பலகையிலேயே ஸ்பீக்கர் பெட்டி செய்தால் பிரமாதமாக இருக்குமே!" என்று நினைக்கிறீர்களா?

அங்கேதான் தவறு!

ஸ்பீக்கர் பெட்டி பாடவே கூடாது. ஒலியை எழுப்ப வேண்டியது முன்னால் இருக்கும் காகிதக் கூம்பும், அதற்கு மேலே இருக்கும் சிறு குமிழும்தான். கூம்பு கனத்த ஒலிக்கு. அதன் பெயர் வூபர். குமிழ் கீச்சொலிக்கு, அதன் பெயர் டுவீட்டர். பெட்டியும் சேர்ந்து அதிர்ந்தால் எந்தப் பாட்டைப் போட்டாலும் அதில் பெட்டியின் குரல் கலக்கும். புல்லாங்குழலிலும் அதே உறுமல். செய்தியிலும் அதே உறுமல். பாட்டிக்கு வார்த்தை கேட்காமல் போவது இதனாலும்தான்.

ஆகவே கடைக்குப் போனதும் பலாப்பழத்தைத் தட்டுவதுபோல் பெட்டியின் பக்கப் பலகையைத் தட்டுங்கள். "தொப்" என்று உடனே அடங்கினால் நல்லது. டப்பாவைத் தட்டியதுபோல் ஒலி நீண்டால் வைத்துவிடுங்கள். பெட்டியைத் தூக்கியும் பாருங்கள். பிளாஸ்டிக் பெட்டி பளபளக்கும். கையில் கனமே இருக்காது.

நல்ல பெட்டிகள் பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாலோ ஒட்டுப்பலகையாலோ ஆனவை. முழு மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், மூட்டு விட்டுப் போகும். தூள் பலகைக்கும் ஒரு பகை உண்டு. தண்ணீர்! தரை கழுவுகிற வீட்டில் அதைத் தரையில் வைக்காதீர்கள்.

வாட் மயக்கம்

"சார், இது 5 ஆயிரம் வாட்!" என்பார் கடைக்காரர்.

நம்பாதீர்கள். "பி.எம்.பி.ஓ." என்று போட்டிருந்தால் அது விளம்பரக் கணக்கு. நீடித்துக் கொடுக்கக்கூடிய ஆற்றலை "ஆர்.எம்.எஸ்." என்று குறிப்பார்கள். அந்த எண்ணைக் கேளுங்கள். கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பாட்டுக் கேட்கும்போது செலவாவது ஒன்றிரண்டு வாட்தான். 50 வாட்டை 100 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகும் என்று எண்ண வேண்டாம். "கொஞ்சம் கூடியிருக்கிறதோ?" என்று கேட்கிற அளவுக்குத்தான் கூடும். நாம் திருவிழாவுக்குப் பந்தல் போடவில்லையே!

வாட்டைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு ஒலி வருகிறது என்பது அது. 85 டெசிபல் என்று ஒரு பெட்டியிலும் 88 என்று இன்னொன்றிலும் இருந்தால், இரண்டாவதற்குப் பாதி ஆற்றல் போதும். சிறிய ஆம்பிளிபயரே அதை நன்றாகப் பாட வைக்கும். "ஓம்" என்ற எண்ணையும் பாருங்கள். 8 ஓம் என்றால் அநேகமாக எந்த ஆம்பிளிபயரோடும் ஒத்துப்போகும். 4 ஓம் என்றால் ஆம்பிளிபயர் தாங்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

12 ஆயிரத்தை எப்படிப் பங்கிடுவது? ஆம்பிளிபயர் உள்ளேயே அடங்கிய ஜோடி ஒரு வகை. வயர் தொல்லை குறைவு. டெலிவிஷனோடு இணைக்கும் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். ஆம்பிளிபயர் தனி, பெட்டி தனி என்பது இன்னொரு வகை. இதில் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் பெட்டிக்கே போடுவது மேல். ஆம்பிளிபயர் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். பெட்டி பல ஆண்டுகள் நிற்கும். அவசரம் இல்லாதவர்களுக்கு இந்த இரண்டாவது வழியே நல்லது.

கடையில் காதைத் தீட்டுங்கள்

கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு மயங்க வேண்டாம். "தடால், தடால்" என்று அதிரும் பாட்டாகப் பார்த்துத்தான் போடுவார். உங்களுக்கு மனப்பாடமான பாட்டை எடுத்துப் போங்கள்.

முதலில் மனிதக் குரல். பக்கவாத்தியம் இல்லாத பேச்சாக இருந்தால் இன்னும் நல்லது. பழகிய குரல் மூக்கடைத்தாற்போல் இருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். இங்கிலாந்து வானொலியான பி.பி.சி.கூட 1970-களில் தன் ஒலிபரப்பு வண்டிகளுக்கென்று ஒரு சின்னப் பெட்டி செய்தபோது, மனிதக் குரல் இயல்பாக ஒலிக்க வேண்டும் என்பதில்தான் கண்ணாக இருந்தது.

அடுத்தது மிருதங்கம். இடக்கைத் தொப்பியும் வலக்கையும் தனித்தனியே கேட்க வேண்டும். பிறகு நாதசுரம். காதைக் குத்துகிறதா என்று பாருங்கள்.

இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் போடச் சொல்லுங்கள். சற்று உரக்கப் பாடும் பெட்டி நல்ல பெட்டிபோல் தோன்றும். வியாபாரத்தில் இது பழைய தந்திரம்!

பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் வூபரைச் சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். நுரையால் ஆன வளையம் நாளடைவில் உதிரும். ரப்பர் நின்று பிடிக்கும். கூம்பை விரல்களால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். "கரகர" என்று உரசினால் பேரம் பேசவே வேண்டாம்.

வீட்டில் எங்கே வைப்பது?

பாதி வெற்றி இதில் இருக்கிறது. இதற்குக் காசும் வேண்டாம்.

பெட்டிகளை மூலையில் திணிக்காதீர்கள். மூலையில் வைத்தால் குடத்துக்குள் பேசுவதுபோல் உறுமும். சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டிக்கு இது மிகவும் அவசியம். இரண்டுக்கும் இடையே ஐந்தாறு அடி இருக்கட்டும். பாட்டியின் நாற்காலியும் அதே தூரத்தில் இருக்கட்டும். டுவீட்டர் அவர் காது உயரத்துக்கு வர வேண்டும். மரப்பெட்டியோ செங்கல் அடுக்கோ, எதன்மேல் வைத்தாலும் ஆடக் கூடாது.

சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். ஒரு ஜமக்காளம் விரியுங்கள். ஜன்னலுக்குத் திரை போடுங்கள். இரும்பு பீரோவின் மேல் பெட்டியை வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் சாவிக்கொத்தும் கூடப் பாடும்!

கடைசியாக ஒரு சோதனை. 1960-களின் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அந்தக் காலத்துத் தமிழ்ப் படப் பாட்டு ஒரே தடத்தில் பதிவானது. (இளையராஜா இசையமைத்து 1978-ல் வந்த "பிரியா" படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை.) ஒரே தடம் என்பதால் குரல் இரண்டு பெட்டிகளுக்கும் சரியாக நடுவிலிருந்து வர வேண்டும்.

குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் அலைகிறதா? கனத்த ஒலியும் காணோமா? பயப்படாதீர்கள். பெட்டி கெடவில்லை. ஒரு பெட்டியில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருக்கும். ஆம்பிளிபயரை அணைத்துவிட்டு, அந்த ஒரு பெட்டியில் மட்டும் மாற்றி மாட்டுங்கள்.

இரண்டிலும் மாற்றிவிடாதீர்கள். பிறகு பழையபடிதான் கேட்கும்!