ஆங்கிலக் கட்டுரை எழுத வேர்டில் ஒரு வழி

ஆங்கிலத்தை இரண்டாவது மொழியாகப் படிக்கும் மாணவர்கள் கட்டுரை எழுதும்போது, படித்ததை எழுத்தோடு எப்படி இணைக்கிறார்கள்? பெரும்பாலும் கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி கொண்டுதான்! ஒட்டியபின் இங்கொரு சொல்லை நீக்கி, அங்கொரு சொல்லை மாற்றுவார்கள். இதற்கு அமெரிக்கப் பேராசிரியர் ரெபெக்கா மூர் ஹோவர்டு 1990களில் 'பேட்ச்ரைட்டிங்' என்று பெயர் வைத்தார். ஒட்டுப்போட்ட துணி மாதிரி. இதை அவர் திருட்டாகப் பார்க்கவில்லை. பழகாத எழுத்து நடையைக் கற்கும்போது வரும் ஒரு கட்டம் என்றார். சரிதான். ஆனால் அதிலேயே நின்றுவிட்டால், தேர்வு அறையில் பார்த்து எழுத எதுவும் இருக்காதே?

எங்கள் ஊர், பழனி அருகேயுள்ள நெய்க்காரப்பட்டி, வெல்லத்துக்குப் பெயர் போனது. தமிழ் வழியில் பிளஸ் ஒன் படிக்கும் என் சித்தப்பா மகன் வெல்லம் பற்றி ஆங்கிலக் கட்டுரை எழுதினான். 'இம்ப்யூரிட்டீஸ் ஆர் ரிமூவ்டு' என்று ஒரு வரி. "அப்படின்னா என்னடா?" என்றேன். "தெரியலீங்கண்ணா" என்றான். கொப்பரையில் சாறு கொதிக்கும்போது மேலே வரும் அழுக்கை வழித்தெடுப்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவன் அவன்!

அவனுக்குச் சொன்ன வழி இது. படிக்கும் பத்தியை ஒரு வேர்டு பைலில் வைக்கவும். ஒவ்வொரு வாக்கியத்தையும் தேர்ந்தெடுத்து, ரிவியூ டேபில் நியூ கமெண்ட் கிளிக் செய்து, புரிந்ததைத் தமிழில் டைப் செய்யவும். கட்டுரைக்குத் தேவையான குறிப்புகளை மட்டும் வேறொரு பைலுக்கு மாற்றிவிட்டு, மூலப் பைலை மூடிவிடவும். இந்த மூடுவதுதான் முக்கியம். இனி தமிழ்க் குறிப்பைப் பார்த்து, தெரிந்த ஆங்கிலத்தில் எழுதலாம். சிவப்புக் கோடுகளை இப்போது கண்டுகொள்ள வேண்டாம்.

அவன் எழுதியது: 'வென் தி ஜூஸ் பாயில்ஸ், டர்ட் கம்ஸ் அப். வீ டேக் இட் அவுட்.' எளிமைதான், ஆனால் அவனுடையது.

பிறகு மூலப் பைலைத் திறந்து, வியூ டேபில் வியூ சைடு பை சைடு கொடுத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். இரண்டும் சேர்ந்து உருண்டால் சிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங்கை நீக்கிவிடவும். இப்போதுதான் 'ஆர் ரிமூவ்டு' என்ற அமைப்பு அவனுக்குப் பிடிபட்டது. அடுத்த பத்தியில் அவனே 'இஸ் போர்டு' என்று எழுதினான்.

வேர்டு இல்லாதவர்கள் இலவச லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் கண்ட்ரோல், ஆல்ட், சி கீகளைச் சேர்த்து அழுத்தினால் கமெண்ட் பெட்டி கிடைக்கும்.