கடனுக்கு ஜாமீன்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் தான் கட்டுவதாகக் கடன் கொடுத்தவருக்கு இன்னொருவர் கொடுக்கும் வாக்கே ஜாமீன். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, தன் 126 முதல் 147 வரையிலான பிரிவுகளில் இதற்கான விதிகளை வகுத்திருக்கிறது. கடனாளி, கடன் கொடுத்தவர், ஜாமீன்தாரர் என மூவர் இதில் உண்டு. பணம் போய்ச் சேர்வது கடனாளிக்கு மட்டுமே. தனக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை என்று பின்னால் சொல்லி ஜாமீன்தாரர் தப்பிக்க முடியாது. கடனாளி அடைந்த பலனே ஒப்பந்தம் செல்லுபடியாகப் போதும் என்கிறது 127ஆம் பிரிவு.

“முதலில் கடன் வாங்கியவரைத்தான் கேட்பார்கள், அவரிடம் ஒன்றும் தேறாவிட்டால்தான் நம்மிடம் வருவார்கள்” என்று நம்பியே பலரும் கையெழுத்துப் போடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாதவரை, கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்பது 128ஆம் பிரிவு. கடனாளியிடம் வசூலிக்கும் வழிகளையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை என்று, பேங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969இல் தீர்ப்பளித்தது. தவணை நின்றால் ஜாமீன்தாரரின் கடன் வரலாற்று அறிக்கையிலும் அது ஏறும். அவர் தன் வீட்டுக்கோ தொழிலுக்கோ கடன் கேட்கும்போது தடையாக நிற்கும். தீர்ப்பு வந்துவிட்டால் சம்பளத்தையும் ஜப்தி செய்யலாம். ஆனால் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது, ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதங்களுக்கு மேல் பிடிக்கவும் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு வரம்பு கட்டியிருக்கிறது.

ஜாமீன்தாரரைக் காக்கும் விதிகளும் ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கின்றன. அவரைக் கேட்காமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய பரிவர்த்தனைகளுக்கு அவர் பொறுப்பல்ல. அவர் சம்மதமின்றிக் கடனாளிக்கு அவகாசம் தருவதாக வங்கி ஒப்பந்தம் செய்துகொண்டாலும் அவர் விடுபடுகிறார். வங்கி தன்னிடம் இருந்த ஈட்டை அவர் சம்மதமின்றி விட்டுக்கொடுத்தால், அந்த ஈட்டின் மதிப்பளவுக்கு அவர் பொறுப்பு குறையும். முக்கியமான உண்மையை மறைத்தோ பொய் சொல்லியோ வாங்கிய ஜாமீன் செல்லாது. ஆனால் வங்கி வெறுமனே வழக்குப் போடாமல் இருந்தது மட்டும் விடுதலைக்குக் காரணமாகாது.

இந்தப் பாதுகாப்புகளில் பெரும்பகுதி கையெழுத்துப் போடும் மேசையிலேயே பறிபோகிறது. வங்கிகளின் அச்சடித்த ஜாமீன் படிவங்களில், 133, 134, 135, 139, 141 ஆகிய பிரிவுகள் தரும் உரிமைகளை ஜாமீன்தாரர் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி வழக்கமாக இருக்கும். இத்தகைய விட்டுக்கொடுப்பை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. சட்டம் யாரைக் காக்க எழுதப்பட்டதோ அவர் படிக்காத ஒரு வரியால் அது செயலிழந்துபோவது பெரிய அநீதி. எனவே அந்த வரியைத் தேடிப் படிப்பதும், அதை நீக்கக் கேட்பதும் அவசியம். வங்கி மறுத்தால், பொறுப்புக்கு இத்தனை ரூபாய்தான் என்று உச்சவரம்பாவது எழுதச் சொல்ல வேண்டும். நிரப்பாத படிவத்தில் கையெழுத்திடக் கூடாது. கையெழுத்திட்ட ஆவணத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓவர் டிராஃப்ட் போல வாங்குவதும் கட்டுவதுமாக ஓடும் கணக்குகளுக்குத் தரப்படுவது தொடர் ஜாமீன். இதை எந்நேரமும் அறிவிப்பு கொடுத்து நிறுத்தலாம். இனிமேல் நடக்கும் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே அந்த நிறுத்தம் பொருந்தும், அதுவரை ஏறிய கடனுக்கான பொறுப்பு நிற்கும்.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் அடிக்கடி தேடி வருவது சீட்டு ஜாமீன். சீட்டு எடுத்தவர் மீதித் தவணைகளுக்குப் போதிய பிணையம் தர வேண்டும் என்று சீட்டு நிதிச் சட்டம், 1982 கோருவதால், சம்பளச் சான்றோடு ஜாமீன் கேட்கிறார்கள். அவர் கட்டாமல் போனால், எதிர்காலத் தவணைகள் முழுவதையும் ஒரே நேரத்தில் கேட்க வழி இருக்கிறது. கட்டி முடிக்க இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று பார்க்காமல் இதில் கையெழுத்திடுவது ஆபத்து.

நிறுவனக் கடனுக்கு இயக்குநர்கள் தரும் தனிப்பட்ட ஜாமீனும் இதே வகைதான். இயக்குநர் பதவியிலிருந்து விலகினால் ஜாமீன் தானாக முடிவதில்லை. திவால் சட்டத்தில் நிறுவனத்துக்குத் தீர்வுத் திட்டம் ஒப்புதல் பெற்றாலும், அதனாலேயே ஜாமீன்தாரர் விடுபடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021இல் லலித் குமார் ஜெயின் வழக்கில் கூறியது. நிறுவனங்களே ஜாமீன் நிற்பதும் உண்டு. அரசு டெண்டர்களில் வங்கி உத்தரவாதத்துக்குப் பதிலாகக் காப்பீட்டு நிறுவனங்களின் பிணைப் பத்திரத்தையும் தரலாம் என்று மத்திய அரசு 2022இல் விதியைத் திருத்தியது. இதில் காப்பு கிடைப்பது பணியை ஒப்படைத்த துறைக்கே. காப்பீட்டு நிறுவனம் துறைக்குக் கொடுத்த பணத்தை ஒப்பந்ததாரரிடமிருந்து திரும்ப வசூலிக்கும்.

ஜாமீன்தாரர் தன் வீட்டையோ மனையையோ அடமானமாகவும் வைத்திருந்தால், ஈட்டுச் சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் அவரையும் கடனாளியாகவே கணக்கிடும். வங்கி முதலில் 60 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் தர வேண்டும். அதற்கு எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்தால், வங்கி 15 நாட்களுக்குள் காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும். சொத்தைக் கைப்பற்றும் நடவடிக்கை தொடங்கினால், 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் இத்தீர்ப்பாயங்கள் உள்ளன. விவசாய நிலம் இச்சட்டத்தின் கீழ் வராது. நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் நாட்கள் வீணாகுமே தவிர நடவடிக்கை நிற்காது.

ஜாமீன்தாரர் கடனைக் கட்டி முடித்துவிட்டால், வங்கிக்குக் கடனாளி மீதிருந்த உரிமைகளும் ஈடுகளும் அவருக்கு வந்து சேரும். தான் கட்டிய தொகையைக் கடனாளியிடம் கேட்டு வழக்குத் தொடரலாம். ஜாமீன்தாரர்கள் பலர் இருந்தால், வேறு ஏற்பாடு இல்லாதபோது ஆளுக்குச் சம பங்கு. கூடுதலாகக் கட்டியவர் மற்றவர்களிடம் அதைக் கேட்டுப் பெறலாம். இரண்டுக்கும் காலவரம்பு மூன்று ஆண்டுகள்: கடனாளி மீதான வழக்குக்கு வங்கியில் பணம் கட்டிய நாளிலிருந்து, சக ஜாமீன்தாரர் மீதான வழக்குக்குத் தன் பங்குக்கு மேல் கட்டிய நாளிலிருந்து. அதனால் கட்டிய ரசீதுகளும் வங்கி தரும் கடன் தீர்வுச் சான்றும் பத்திரமாக இருக்க வேண்டும்.