போட்டோ பிரிண்டில் கோடு கோடா விழுதா? கார்ட்ரிட்ஜை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

மொபைலில் பளிச்சென்று இருக்கும் மாலை நேர வானம், வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தால் பட்டை பட்டையாக வருகிறதா? கோளாறு பிரிண்டரிலா, போட்டோவிலா என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். போட்டோவை கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள்.

திரையில் இல்லை, பேப்பரில் மட்டும் கோடு

மெல்லிய வெள்ளைக் கோடுகள் என்றால், மை தெளிக்கும் துளைகள் அடைத்திருக்கலாம். பிரிண்டர் மெனுவில் ‘நாசில் செக்’ கொடுங்கள். வரும் பேட்டர்ன் விட்டு விட்டு இருந்தால் ஒருமுறை ‘ஹெட் கிளீனிங்’, பிறகு மறுபடியும் செக். சும்மா சும்மா கிளீனிங் கொடுக்காதீங்க. ஒவ்வொரு முறையும் மை வீணாகும்.

பேட்டர்ன் முழுசா வந்தும் கோடு போகவில்லையா? ‘ஹெட் அலைன்மென்ட்’ செய்யுங்கள். பேப்பர் வகையில் ‘பிளெய்ன்’ இருந்தால், நீங்கள் வைத்திருக்கும் போட்டோ பேப்பரைத் தேர்வு செய்யுங்கள். குவாலிட்டியை ‘ஹை’யில் வையுங்கள். ‘பைடைரக்‌ஷனல்’ அல்லது ‘ஹை ஸ்பீடு’ ஆப்ஷன் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். பிரிண்ட் மெதுவாக வரும், ஆனால் சீராக வரும்.

திரையிலேயே படிக்கட்டு மாதிரி தெரிகிறது

இது ஃபைலின் கோளாறு. எத்தனை கிளீனிங் கொடுத்தாலும் போகாது. சாதாரண ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான். ஃபில்டர், கான்ட்ராஸ்ட் என்று இழுக்க இழுக்க படிகளுக்கு நடுவே இடைவெளி விழும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த காப்பியை விட்டுவிட்டு ஒரிஜினலை எடுங்கள். ‘ரா’ ஃபைல் இருந்தால் 16 பிட்டில் எடிட் செய்யலாம். இல்லையென்றால், வானத்தில் லேசாக ‘நாய்ஸ்’ சேர்த்தாலே பட்டை மறையும்.

அடைப்பு வராமல் இருக்க, வாரம் ஒரு கலர் பக்கமாவது பிரிண்ட் எடுங்க.